பால் வந்த வழி

நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி ஓராண்டு காக்கலாம். புளியையும் மிளகாயையும் உலர்த்திப் பானையில் வைக்கலாம். பாலை மட்டும் அவ்வாறு வைக்க இயலாது. காலையில் கறந்த பாலைக் காய்ச்சாமல் விட்டால், வெயில் ஏறிய சில மணி நேரத்திற்குள் அது திரிந்துவிடும். இது யாவரும் அறிந்ததே. ஆயினும் இதனுள் ஒரு பொருளாதார உண்மையும் அடங்கியிருக்கிறது. நெல்லுடையவன் விலை ஏறும்வரை பொறுத்திருக்கலாம். பாலுடையவன் பொறுத்திருக்க இயலாது. வாங்க வந்தவன் சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். இன்றேல் கீழே கொட்ட வேண்டும். இந்த இயலாமையை மக்கள் எவ்வாறு வென்றனர் என்பதே, இன்று நம் வீட்டு வாயிலுக்கு வரும் பாக்கெட் பாலின் வரலாறு. மாணவ நண்பர்களே, அதனை இப்பொழுது சுருக்கமாகக் காண்போம்.

கூத்தாநல்லூரைச் சூழ்ந்த காவிரிப் பாசன நாட்டில் மாடு பாலுக்காக வளர்க்கப்பட்டது என்பதைவிட ஏருக்காக வளர்க்கப்பட்டது என்பதே பொருந்தும். உம்பளச்சேரி மாடு இப்பகுதிக்கே உரிய இனம். சேற்று வயலில் சலியாது உழைப்பதற்குப் பெயர் பெற்றது அதன் காளை. பசுவோ நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் அளவே கறக்கும். கன்று குடித்து, வீட்டுக்கும் போக எஞ்சியது தயிரும் மோரும் வெண்ணெயும் நெய்யுமாயிற்று. பாலை நாள் கடத்தி வைப்பதற்கு நம் முன்னோர் கண்ட உபாயங்கள் இவை. இவற்றுக்குப் பொறி எதுவும் வேண்டியதில்லை. ஆனால், தயிர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்ற பெண்ணின் கால் நடந்த தொலைவே அதன் சந்தையின் எல்லையாக இருந்தது.

இரண்டாவது உபாயம் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. கூத்தாநல்லூரிலிருந்து பலர் வணிகத்தின் பொருட்டு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே தேநீரில் கலக்கப்பட்டது தகர டப்பாவில் அடைத்த இனிப்புக் கட்டிப்பால். பாலின் நீரில் பெரும்பகுதியை வற்றச் செய்து அதனைக் கெடாது காக்கும் முறைக்கு அமெரிக்கரான கெயில் போர்டன் 1856-இல் காப்புரிமை பெற்றார். சர்க்கரை சேர்த்து அடைத்த அந்தப் பால் மாதக்கணக்கில் கெடுவதில்லை. கப்பலேறிக் கண்டங்களைக் கடந்தது. காலத்தை மனிதன் வென்றுவிட்டான். ஆனால் வென்றவர் ஆலைக்கு உரியவரே அன்றி, மாட்டுக்கு உரியவர் அல்லர். கறந்தவர் அன்றும் சொன்ன விலைக்கே விற்றார்.

மூன்றாவது உபாயம் வெப்பமும் குளிரும் சேர்ந்தது. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860-களில் திராட்சை மதுவைக் கெடாது காக்கக் கண்ட முறை, பின்னர் பாலுக்கும் வந்தது. இன்று பெரும்பாலும் 72 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 15 விநாடி பாலைச் சூடாக்கி, உடனே 4 பாகை அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். நோய்க் கிருமிகள் இதனால் அழிகின்றன. பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சில எஞ்சி நிற்கின்றன. ஆதலின், ஆலையில் தொடங்கிய குளிர்ச்சி, வண்டியிலும் கடையிலும் வீட்டிலும் அறுபடாமல் தொடர்தல் வேண்டும். ஓரிடத்தில் அறுந்தால் முன்னே செய்த உழைப்பனைத்தும் வீணாகும். பொருள் பிறக்கும் இடந்தொட்டு நுகரும் இடம்வரை இவ்வாறு கண்ணி கண்ணியாகக் காக்கும் கலையையே, வணிகக் கல்லூரிகளில் விநியோகச் சங்கிலி மேலாண்மை என்று பயில்கிறார்கள்.

இச்சங்கிலி எவர் கையில் இருப்பது என்னும் வினா நம் நாட்டில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் எழுந்தது. 1945-இல் பம்பாய் அரசு, நகர மக்களுக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆனந்த் பகுதியின் பாலைத் திரட்டி அனுப்பும் உரிமை பால்சன் என்னும் தனியார் நிறுவனத்திற்குக் கிடைத்தது. நகரத்தில் விலை உயர்ந்தும் கறந்தவருக்கு உயரவில்லை. விவசாயிகள் சர்தார் வல்லபாய் படேலை நாடினர். உங்கள் பாலை நீங்களே திரட்டி விற்பதற்குக் கூட்டுறவு காணுங்கள் என்பது அவர் கூறிய வழி. 1946-இல் அவர்கள் 15 நாட்கள் ஒருவருக்கும் பால் விற்காதிருந்தனர். காத்திருக்க இயலாத பாலை வைத்துக்கொண்டு காத்திருந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்! அதன் விளைவாக அவ்வாண்டு டிசம்பரில் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவாயிற்று. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். 1949-இல் ஆனந்துக்கு வந்து அதற்குத் தோள் கொடுத்தவர் வர்கீஸ் குரியன். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர் அவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

வேலைநிறுத்தம் கதவைத் திறந்தது. கதவு மூடாமல் காத்தது மற்றொன்று. அதுவே அளவை. பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகத்தில், பாலில் இத்தனை படி நீர் கலந்தால் பால்காரனுக்கு நூற்றுக்கு எத்தனை இலாபம் என்னும் கணக்கை நீங்கள் செய்திருப்பீர்கள். நானும் பல்லாண்டு அதனைக் கற்பித்திருக்கிறேன். கலப்பு எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதற்கு அக்கணக்கே சான்று. படியால் அளந்து விலை கொடுக்கும்வரை, நீர் சேர்த்தவனுக்கே ஊதியம், நேர்மையாளனுக்கு நட்டம். ஸ்விட்சர்லாந்து நாட்டவரான கெர்பர் 1890-களில் கண்ட சோதனை இதனை மாற்றியது. கந்தக அமிலம் பாலின் மற்றைப் பொருள்களைக் கரைக்கும். கண்ணாடிக் குழாயை வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு தனியே மேலே நிற்கும். அதன் அளவைக் குழாயின் கோட்டிலேயே படித்துவிடலாம். சங்கத்தில் ஒரு லிட்டர் ஊற்றிய ஏழைப் பெண்ணுக்கும் பத்து லிட்டர் ஊற்றிய நிலக்கிழாருக்கும் ஒரே குழாய், ஒரே கோடு. பாலின் தரத்திற்கு ஏற்ப விலை. சாதிக்கும் செல்வத்திற்கும் அங்கே கோடு இல்லை.

இன்னும் ஓர் இடர் இருந்தது. நகரத்தார் குடிக்கும் பால் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு. மாடு கறப்பதோ பருவத்திற்குப் பருவம் வேறு. மிகுந்த காலத்துப் பாலைக் குறைந்த காலத்துக்குச் சேமிப்பது எப்படி? எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்றிருந்தனர் மேலைநாட்டு வல்லுநர். குரியனின் தோழர் தலாயா அதனைச் செய்து காட்டினார். 1955-இல் ஆனந்தில் பால்பொடி ஆலை எழுந்தது. பாலுக்கும் ஒரு பத்தாயம் கிடைத்தது என்று கூறலாம்.

1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்குச் சென்று, ஊரில் ஓரிரவு தங்கிக் கண்டார். அடுத்த ஆண்டே தேசியப் பால்வள வாரியம் தோன்றியது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் பெருக்குத் திட்டம், கிராமங்களைப் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களுடன் இணைத்தது. ஐரோப்பா நன்கொடையாகக் கொடுத்த பால்பொடியை இலவசமாக வழங்காது விலைக்கே விற்று, அப்பணத்தால் ஆலைகளும் குளிர்விப்பு நிலையங்களும் அமைத்தார்கள். இலவசப் பால் பெருகினால் உள்ளூர்ப் பாலின் விலை சரியும் என்னும் முன்யோசனையே அதற்குக் காரணம்.

நம் மாநிலத்தில் 1958-இல் பால்வளத் துறையும், 1963-இல் மாதவரம் பால்பண்ணையும், 1972-இல் பால்வள வளர்ச்சிக் கழகமும் தோன்றின. 1981-இல் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் அப்பொறுப்பை ஏற்றது. ஆவின் என்னும் பெயரில் நாம் அறிவது அதனையே. ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்னும் மூன்று படிகள். காலையும் மாலையும் ஊற்றும் பால், குளிர்விப்பான், டாங்கர், ஆலை, பாக்கெட், பாலகம் என்னும் ஆறு கண்ணிகள். கொழுப்பின் அளவை அறிய நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பாக்கெட்டின் நிறமே நமக்கு வழிகாட்டுகிறது.

இனி நம் பகுதிக்கு வருவோம். டிராக்டர் வந்தபின் ஏர்மாடு குறைந்தது. கலப்பினக் கறவை மாடு வந்தது. வைக்கோல் இங்கே மிகுதி. ஆனால் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. நிலமெல்லாம் நெல்லாதலால் பசுந்தீவனத்துக்கு இடம் அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலைகள் நீரில் மூழ்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் பல நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் நின்றால் குளிர்விப்பானும் நின்றுவிடும். பால் பழையபடி காத்திருக்க இயலாத பொருளாகிவிடும்.

இவ்வளவு இருந்தும் இங்கே பால் தொழிலை நாம் பேண வேண்டுவது ஏன்? இந்நாட்டில் நிலமில்லாத உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் பல. நடவும் அறுவடையும் ஆண்டில் சில மாதங்களே வேலை தருகின்றன. மேட்டூர் அணை நீர் தாழ்ந்த ஆண்டில் அதுவும் இல்லை. அத்தகைய குடும்பத்திற்கு ஒரு கறவை மாடு, அறுவடையற்ற மாதத்திலும் காசு தரும் வயலாகும். சங்கத்தில் அளவை நேர்மையாக இருந்து, பணம் தவணை தவறாது வந்தால், மாடு நிற்கும். அளவை பொய்த்தால் அல்லது பணம் தாமதித்தால், தவிடும் புண்ணாக்கும் வாங்கக் கையில் காசிராது. மாடு சந்தைக்குப் போகும். சந்தைக்குப் போன மாட்டை எந்தக் குளிர்விப்பானாலும் ஈடுசெய்ய இயலாது.

மாணவர்களே! பெரிய ஆலையும் பளபளக்கும் டாங்கரும் கண்ணுக்குத் தெரியும் கண்ணிகள். சங்கிலியைத் தாங்குவதோ, விடியற்காலையில் ஒரு பெண் ஊற்றும் பாலைச் சரியாக அளக்கும் சிறு கண்ணாடிக் குழாயே. உங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒருநாள் விடியலில் சென்று, அளப்பதையும் கணக்கெழுதுவதையும் நேரில் பாருங்கள். நாளை உங்களில் சிலர் அந்தக் கணக்கை எழுதும் இடத்தில் அமரக்கூடும்.