சத்துணவின் வரலாறும் நம் தட்டும்



நாங்கள் அலுமினியத் தட்டோடு பள்ளிக்குப் போன தலைமுறை. சிலேட்டை மறந்த நாள் உண்டு. தட்டை மறந்த நாள் இல்லை. அந்தத் தட்டின் வரலாறு நமக்கு எப்போதும் ஆட்சியாளர்களின் கொடை வரலாறாகவே சொல்லப்படுகிறது. நீதிக்கட்சி தொடங்கியது, காமராசர் பரப்பினார், எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், கலைஞர் முட்டை வைத்தார் என்கிறார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தட்டை ஏந்தி நின்ற பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இந்த வரலாறு மூன்று கேள்விகளாகத் தெரிகிறது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? யார் சமைத்தார்கள்? தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள்? இந்த நினைவு அரங்கில் இந்த மூன்றையும் பேச விரும்புகிறோம்.

1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. பிட்டி. தியாகராயர் அப்போது மன்றத் தலைவர். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. பின்னர் மேலும் சில பள்ளிகளுக்கு இது விரிந்தது. அவற்றில் நான்கு பள்ளிகளில் 1922-23இல் 811 ஆக இருந்த பிள்ளைகள் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. சேரிப் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று சொல்லிவந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களே பதில். நாட்டம் இருந்தது, வயிறுதான் காலியாக இருந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்ததால், 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பசியைப் போக்குவது கல்விச் செலவில் சேராது என்ற அந்த வாதத்தை இன்றும் வேறு வேறு சொற்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

காமராசர் ஆட்சியில், 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களின் பங்களிப்பைத் திரட்டினார். அது பெரிய காரியம். ஆனாலும் ஊர் கொடுக்கும் சோற்றோடு ஊரின் ஒழுங்கும் சேர்ந்து வரும் என்பதைச் சேரியில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுக்கிறவருக்கே வரிசையை முடிவு செய்யும் உரிமையும் போய்விடுகிறது. 1961இலிருந்து கேர் நிறுவனம் உணவுப் பொருள் உதவி செய்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். நன்கொடையை நம்பி நின்ற சோறு, அரசு பொறுப்பேற்ற சோறாக நிலைபெற்றது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. தருமம் திட்டமாகி, திட்டம் உரிமையாவதற்கு எண்பது ஆண்டுகள் பிடித்தன.

இனி, தட்டில் விழுந்ததைப் பார்ப்போம். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998இல் அது வாரத்துக்கு ஒன்றானது. 2010இல் வாரத்துக்கு ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். விருப்பத்தை மதிக்கிற எளிய ஏற்பாடு இது. ஒருவருடைய விரதத்துக்காக எல்லாருடைய தட்டையும் காலியாக்க வேண்டியதில்லை. ஆனால் மத்தியப் பிரதேசத்தில் 2015இல் பழங்குடி மாவட்ட அங்கன்வாடிகளில் முட்டை கொடுக்கும் யோசனை வந்தபோது, முதலமைச்சரே அதைத் தடுத்தார். பிறந்ததிலிருந்து இறைச்சி உண்ணும் பிள்ளைகளுக்கு, இறைச்சி உண்ணாதவர்களின் தூய்மைக் கணக்கு சத்துப் பட்டியல் எழுதியது. நம் மாநிலமும் முழுக்க விலக்கல்ல. நம் வீடுகளில் காலங்காலமாகப் புரதம் கொடுத்த மாட்டிறைச்சிக்கு எந்தச் சத்துணவுப் பட்டியலிலும் இடமில்லை. அதைப் பற்றிய பேச்சுக்கும் இடமில்லை.

கேழ்வரகின் கதையும் இதுதான். களியும் கூழும் நம் அடுப்பில் இருந்தவரை இளப்பமான சாப்பாடு. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவிக்கப்பட்டதும் அதுவே ஆரோக்கிய உணவாகிக் கடை அலமாரிகளில் விலையேறி உட்கார்ந்துகொண்டது. அந்த ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதை வரவேற்கிறோம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது. இலவச அரிசி பட்டினியைத் தடுத்தது. அதன் அருமை நமக்குத் தெரியும். ஆனால் அரிசி மட்டும் இரத்தம் ஊறவைக்காது. வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு.

கடைசிக் கேள்விதான் கடினமானது: யார் சமைப்பது? 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றது. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். அதிகாரிகள் தடுத்தவர்களை விட்டுவிட்டுச் சமைத்தவரை இடமாற்றம் செய்தார்கள். போராட்டத்துக்குப் பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. விரிந்த சில நாட்களிலேயே எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலிருந்து செய்தி வந்தது: சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிட மறுக்கிறார்கள் என்று. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமராசர் சோறு போட்ட அதே எட்டயபுரத்துப் பக்கத்தில், அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து!

அந்தப் பிள்ளைகளை நாம் குற்றம் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாதி வீட்டிலிருந்துதான் வருகிறது. சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழிந்துவிடாது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார். சமபந்தி போஜனங்களை நாமும் நிறையப் பார்த்தவர்கள். ஒருநாள் பந்தியில் உட்கார்ந்து, மறுநாள் தனிக்குவளை வைத்தவர்களையும் பார்த்தவர்கள். ஆனால் பள்ளிச் சோறு ஒருநாள் பந்தி அல்ல. அது பள்ளி நடக்கும் நாளெல்லாம் நடப்பது, சட்டத்தின் துணையோடு நடப்பது. நம் அம்மாக்கள் கரண்டி பிடித்து, எல்லாப் பிள்ளைகளும் அதை உண்டு வளர்ந்தால், தீட்டு என்ற சொல்லுக்குப் பள்ளிக்குள் நிற்க இடமிருக்காது. ஆதிக்கச் சாதியினர் அஞ்சுவதும் இதற்குத்தான்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. சமையலறையில் சாதி காட்டுவோர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயவேண்டும். சமைப்பவரை இடம் மாற்றுவது தீர்வாகாது. முட்டையும் பயறும் சிறுதானியமும் காலைத் தட்டுக்கும் வரவேண்டும். பட்டியல் எழுதும் மேசையில் உண்பவர்களும் உட்காரவேண்டும். சிறப்புக் காலமுறை ஊதியத்தில் காலம் தள்ளும் சத்துணவு ஊழியர்களுக்கு முழுமையான காலமுறை ஊதியம் வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. அடுத்த வாரம் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு மதிய மணி அடிக்கும் நேரத்தில் போங்கள். சமைப்பவர் யார், வரிசை எப்படி நிற்கிறது, எந்தப் பிள்ளை வீட்டிலிருந்து தனியாக டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறது, ஏன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுதவேண்டியவர்கள் நாம்தான்.