இரு நாடுகளில் தாய்மொழிப் பாட்டு

கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரில்தான், கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட அப்பர் பெருமான் பதிகம் பாடிக் கரையேறினார் என்பது பெரியபுராணக் கதை. அங்கிருந்து தெற்கே சென்றால் சிதம்பரம். அவ்வூர் நடராசர்மீது முத்துத்தாண்டவர் தமிழில் கீர்த்தனை பாடினார். தில்லை காண ஏங்கிய நந்தனாரின் சரித்திரத்தைக் கோபாலகிருஷ்ண பாரதியார் இசைநாடகமாக்கினார். இத்தகைய நாட்டிலே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் வரும் துக்கடாவாக நின்றுவிட்டது. பெரும்பொழுது தெலுங்குக்கும் வடமொழிக்கும் உரியதாயிற்று. யாரும் சட்டம் இயற்றி இதைச் செய்யவில்லை, மாணவ நண்பர்களே. நம்மவர் சுவையே செய்தது.

ஸ்பெயினின் வடகிழக்கில், பார்சலோனாவைத் தலைநகராகக் கொண்டு வாழும் கத்தலான் மக்களின் கதை வேறு. அவர்கள் மொழி இலத்தீனிலிருந்து பிறந்தது. ஸ்பானிய மொழியின் கிளையன்று, உடன்பிறப்பு. 1716ஆம் ஆண்டின் அரசாணை அவர்களது தன்னாட்சியை ஒழித்தது. உயர்நீதிமன்றத்தில் ஸ்பானிய மொழியைப் புகுத்தியது. 1939இல் நிலைபெற்ற பிராங்கோ ஆட்சியோ கத்தலான் மொழியைப் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் அகற்றியது. ஆனால் அம்மக்கள் 1891இலேயே தம் மொழிப் பாட்டுக்கெனப் பாடகர் குழு ஒன்றை நிறுவி, 1908இல் அழகியதோர் இசைமண்டபமும் எழுப்பியிருந்தார்கள். 1960 மே மாதம் அம்மண்டபத்தில், தடைசெய்யப்பட்டிருந்த கொடிப்பாட்டை அவையிலிருந்தோர் பாடத் தொடங்கினர். சிறைவாசமே பரிசாகக் கிடைத்தது. 1979இல் தன்னாட்சிச் சட்டம் வந்த பின்னரே கத்தலான் மீண்டும் ஆட்சிமொழியாயிற்று.

ஆணையால் வந்த தடையை மற்றோர் ஆணை நீக்கலாம். சுவையால் வந்ததை நீக்குவது எங்ஙனம்? சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலை செட்டியார், தமிழ்ப் பாடல்களைப் பெருக்கவும் பரப்பவும் பொருள் வழங்கினார். 1941 ஆகஸ்டில் அப்பல்கலைக்கழகத்திலேயே தமிழிசை மாநாடு கூடியது. எதிர்ப்பு எழாமல் இல்லை. இசைக்கு நாதமே முதன்மை, மொழி அன்று என்று வாதிட்டோர் உண்டு. அவ்வாறாயின் தமிழில் பாடினால் மட்டும் நாதம் எப்படிக் கெடும் என்று கேட்கத் தோன்றுகிறது! ராஜாஜி, ரசிகமணி டி. கே. சி., கல்கி ஆகியோர் தமிழிசையின் பக்கம் நின்றனர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. பின்னர் அதற்கென ராஜா அண்ணாமலை மன்றமும் எழுந்தது.

மேடையில் பாட்டு மாறினால் மட்டும் போதுமா? தேவாரப் பண்களின் பழைய இலக்கணமும் தெளிவுபட வேண்டியிருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஈழத்து விபுலாநந்த அடிகள், சிலப்பதிகார இசைக்குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’, 1947இல் வெளிவந்தது.