எண்பிக்கும் பொறுப்பு: றக்வானைத் தோட்டங்களும் டிஜிட்டல் அடையாளமும்

இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் பற்றிக் கொழும்பில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நிற்கிறது. முகம், கருவிழி, கைரேகை ஆகியவற்றை அரசு திரட்டி வைத்தால் தனிமனிதரின் அந்தரங்கத்துக்கு என்ன காப்பு என்பது ஒன்று. 2022 மார்ச்சில் கைச்சாத்தான புரிந்துணர்வு உடன்படிக்கையின்படி இந்திய நன்கொடையோடு எழுப்பப்படும் கட்டமைப்பு நாட்டின் இறைமையை எவ்வளவு பாதிக்கும் என்பது மற்றது. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆயினும் தெனியாயவிலிருந்து சூரியகந்தை வழியாக றக்வானைக்கு வரும் வீதியின் இருமருங்கிலும் உள்ள தோட்டத் தொழிலாளர் லயன்களிலிருந்து நோக்கினால், இவற்றுக்கு முந்திய ஒரு கேள்வி தீர்க்கப்படாமல் கிடக்கிறது. பதிவேடும் ஆளும் முரண்படும்போது எண்பிக்கும் பொறுப்பு யாருடையது? ஆளுடையதா, பதிவேட்டை வைத்திருப்பவருடையதா?

மலையகத் தமிழர் விடயத்தில் இப்பொறுப்பு நூறாண்டுக்கும் மேலாகத் தொழிலாளியின் தலையிலேயே சுமத்தப்பட்டு வந்துள்ளது. டிஜிட்டல் முறை இதை மாற்றப்போகிறதா, விரைவுபடுத்தப்போகிறதா என்பதே அத்திட்டத்தை எடைபோடுவதற்கான முதன்மை அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தோட்டத்து மனிதர் எழுத்தறியாதவராக இருந்த காலத்திலேயே அவரைப் பற்றிய எழுத்து ஏராளமாக இருந்தது. அவற்றுள் முதலில் நினைவுகூர வேண்டியது ‘துண்டு’. ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குப் போக விரும்பும் கங்காணியையும் அவரது ஆட்களையும், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் விடுவிக்கத் தயார் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுத்த காகிதம் அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டியது. கட்டிய தொகை மீண்டும் தொழிலாளரின் பெயரிலேயே ஏறியது. ஆளோடு கூடவே பயணித்த, ஆனால் ஆளுக்குச் சொந்தமில்லாத தரவு அது. அதில் எழுதியிருந்ததைத் தொழிலாளியால் வாசிக்கவோ மறுக்கவோ முடியவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. தரவு எங்கும் எடுத்துச்செல்லத் தக்கதாக இருப்பதே மனிதருக்கு விடுதலை தரும் என்று இன்று பேசுவோர் இந்த வரலாற்றைக் கவனிக்க வேண்டும். எங்கும் போகத்தக்க தரவு, அதன் மீது ஆளுக்கு அதிகாரம் இல்லாவிட்டால், ஆளையே பிணைக்கும்.

அடுத்த கட்டம் எல்லோரும் அறிந்தது. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்த 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும். பின்னையது தடையற்ற வதிவை எண்பிக்குமாறு விண்ணப்பதாரரைக் கேட்டது: திருமணமானவர்கள் ஏழாண்டு, ஏனையோர் பத்தாண்டு. வாடகைச் சீட்டோ உறுதியோ வரி இறுத்த பற்றுச்சீட்டோ இல்லாத லயன் வாசி எதைக் காட்டுவார்? அவர் இருந்ததற்கான சான்று தோட்டத்தின் வருகைப் பேரேடான செக்ரோலில் இருந்தது. செக்ரோல் துரையின் கந்தோரில் இருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. சட்டத்தின் வாசகம் எவரையும் இனத்தின் பெயரால் விலக்கவில்லை. எண்பிக்கும் பொறுப்பை எங்கே வைத்தது என்பதே விலக்கலைச் செய்து முடித்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1974இன் உடன்பாடு, 1988இன் சட்டம் எனச் சுற்றிச் சுற்றி 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் காயம் ஆறவில்லை.

சப்ரகமுவ மாகாணத்துக்கு இதில் தனியான ஓர் அத்தியாயமும் உண்டு. நுவரெலியாவைப் போலத் தமிழர் திரண்டு வாழும் மாவட்டம் அல்ல, றக்வானை அடங்கிய இரத்தினபுரி. 2012 குடிசன மதிப்பீட்டில் இங்கு தமிழர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரே. சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளாகச் சிதறிய தோட்டங்கள் தமிழருக்கு எதிரான 1977, 1981, 1983 வன்செயல்களின் முழுத் தாக்கத்தையும் வாங்கின. லயன் எரிந்தால் தகரப்பெட்டியும் எரியும். பெட்டியில்தான் பிறப்புச் சான்றிதழும் திருமணப் பதிவும் இருந்தன. உயிர் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தமிழ்நாட்டுக்கும் போனவர்களின் ஆவணத் தொடர்ச்சி அங்கேயே அறுந்தது. திரும்பி வந்தவர்கள் பிரதி எடுக்க அலைந்தபோது பெயரின் எழுத்து ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு விதமாக விழுந்தது. தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும் அலுவலகத்தில் வேறென்ன நடக்கும்? ஓர் ஆள் மூன்று காகிதங்களில் மூன்று பெயரோடு வாழ்வது இங்கே அரிதல்ல. காகித யுகத்தில் தெரிந்த கிளாக்கர் அதைச் சமாளித்துக் கொடுத்தார். இரண்டு தரவுத்தளங்களை ஒப்பிடும் மென்பொருள், அப்படிச் செய்யச் சொல்லி அமைக்கப்படாவிட்டால், சமாளிக்காது. ‘பொருந்தவில்லை’ என்று மட்டும் சொல்லும்.

இனி இன்றைய நடைமுறைக்கு வருவோம். ஆட்பதிவுத் திணைக்களத்துக்குத் தேசிய அடையாள அட்டை கோரும் விண்ணப்பத்தைக் கிராமத்தில் கிராம உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்துகிறார். தோட்டத்தில் தோட்ட அத்தியட்சகர். தோட்டத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் சட்டக் கடமையும் அத்தியட்சகரிடமே நீண்டகாலமாக இருந்து வந்துள்ளது. ஒரு தனியார் கம்பனியின் ஊழியர், தம் கீழ் வேலை செய்பவர் இன்னார்தான் என்று அரசுக்குச் சாட்சி சொல்கிறார் என்பதே இதன் பொருள். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறிய பின்னும் இந்த ஏற்பாடு குறித்துப் பெரிய கேள்வி எழாதது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. வேறெந்தக் குடிமகனின் அடையாளத்துக்கும் அவரது சம்பளம் கொடுப்பவர் பிணை நிற்பதில்லை. தொழிற்சங்கப் பிணக்கு நடக்கும் மாதத்தில் அந்தக் கையொப்பத்தின் விலை என்ன என்பதைத் தோட்டத்தார் அறிவர்.

முகவரியும் அப்படியே. தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபால் ஊர் என்பதோடு முகவரி முடிந்துவிடுகிறது. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, காலை வேலைக்கு ஆள் திரளும் பிரட்டுக் களத்தில் கைமாறி, சிலவேளை நேர்முகத் தேர்வு நாள் கடந்தபின் வீடு சேர்கிறது. 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்கு உள்ளூராட்சி மன்றம் சேவை வழங்குவதற்குத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். முப்பது ஆண்டுகளாக உள்ளூராட்சியின் கணக்குக்கு வெளியே இருந்த லயன் காம்பராவை, வீட்டிலக்கத்தைக் கட்டாயக் களமாகக் கேட்கும் ஒரு மின்னணுப் படிவத்தில் எப்படி நிரப்புவது?

இவை வெறும் அச்சங்கள் அல்ல என்பதை ‘அஸ்வெசும’ நலன்புரித் திட்டம் காட்டிவிட்டது. 2002இன் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், வீட்டு நிலை, சொத்து, மின்சாரப் பாவனை முதலிய 22 குறிகாட்டிகளைக் கொண்டு புள்ளி கணித்து, 2023 நடுப்பகுதியில் பட்டியல் வெளியானது. அப்போது மிக வறியோருக்கு மாதம் 15,000 ரூபாய் முதல் நிலைமாறு பிரிவினருக்கு 2,500 ரூபாய் வரை நான்கு வகுப்புகள். பட்டியல் வெளியானதும் நாடெங்கும் ஏறத்தாழ பத்து இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. 20 இலட்சம் குடும்பங்களுக்கான ஒரு திட்டத்தில் இத்தனை மேன்முறையீடு என்றால், பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை முழுவதும் மக்களிடம் விடப்பட்டது என்றுதான் கொள்ள வேண்டும். மனித உரிமைகள் கண்காணிப்பகம் இந்தக் கணிப்பு முறையையே குறைகூறியது.

தோட்டத்தில் இதன் தாக்கம் இரட்டிப்பானது. 2019 வீட்டு வருமானச் செலவின ஆய்வில் நாட்டின் வறுமை விகிதம் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். ஆனால் உடைமைகளை எண்ணி வறுமையை அளக்கும் முறை, தமக்குச் சொந்தமில்லாத கூரையின் கீழ், தமக்குச் சொந்தமில்லாத நிலத்தில் வாழ்பவரைப் பற்றி எதைச் சொல்லும்? மேன்முறையீடு செய்யவும் இணையம் தெரிந்த ஒருவர், தமிழில் விளக்கும் ஓர் அலுவலர், ஒரு நாள் வேலையை விட்டுப் பிரதேச செயலகம் போய்வரும் வசதி ஆகிய மூன்றும் வேண்டும். அந்த ஒரு நாள், சம்பளம் இல்லாத நாள்.

இதே இடத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக்குவதோடு, நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவை அரசே வழங்கும் என்று அறிவிக்கப்பட்டது. தொகை வரவேற்கத்தக்கது, இன்னும் கூடியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. நான் கவனிக்கச் சொல்வது வேறு. அரசின் பணம் வருகைப் பதிவைப் பொறுத்துப் பாயும் கணத்தில் செக்ரோல் ஓர் அரச ஆவணமாகிவிடுகிறது. ஆனால் அதை எழுதுவது இன்னமும் கம்பனி. நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுக்காதவருக்கு அரை நாளாகக் கணக்கிட்டு ‘அரைப் பேர்’ போடும் வழக்கம் தோட்டங்களில் பழையது. அரைப் பேர் விழுந்த நாள் 200 ரூபாய்க்கு வந்த நாளா, வராத நாளா? கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவரும், துண்டு நிலத்தைப் பொறுப்பேற்று வருமானம் பகிரும் முறைக்குள் தள்ளப்பட்டவரும் எந்தப் பேரேட்டில் இருப்பர்? தராசு டிஜிட்டல் ஆனதால் மட்டும் நிறுவையில் கழிக்கும் கிலோ பற்றிய பிணக்கு தீராது; கழிவைத் தீர்மானிப்பது தராசு அல்ல.

இந்தியாவில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் கைப்பேசிச் செயலி வழி வருகைப் பதிவு எல்லா வேலைத்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. தினம் இருமுறை படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. அலைவரிசை கிடைக்காத இடங்களில் வேலை செய்தும் வருகை விழாமல் கூலி இழந்த தொழிலாளரின் முறைப்பாடுகள் அதைத் தொடர்ந்தன. ஜார்க்கண்டில் ஆதார் கைரேகையோடு பங்கீட்டு அரிசியைப் பிணைத்ததன் விளைவை ஜான் திரேஸ், ரீத்திகா கேரா ஆகிய பொருளியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள்: உடல் உழைப்பால் ரேகை தேய்ந்தவர்களும் முதியவர்களுமே அதிகம் தள்ளப்பட்டார்கள். கொழுந்துச் சாறு கறுத்து வெடித்த விரல்நுனிகளைப் பற்றி இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

கென்யாவின் எடுத்துக்காட்டு இன்னும் நெருக்கமானது. பிரித்தானியர் சூடானிலிருந்து படைவீரராகக் கொண்டுவந்த நூபியரின் வழித்தோன்றல்கள் அங்கே அடையாள அட்டை பெறத் தனி விசாரணைக்கு உட்படுத்தப்பட்டு வந்தவர்கள். ‘ஹுதுமா நம்பா’ எனும் டிஜிட்டல் அடையாளம் வந்தபோது, பழைய ஆவணம் இல்லாதவர் புதிய முறையிலும் இருக்கமாட்டார் என்று அவர்கள் வழக்காடினார்கள். சிலர் விலக்கப்படும் ஆபத்து உண்டென்று ஏற்ற நைரோபி உயர் நீதிமன்றம், 2020 ஜனவரியில், முறையான ஒழுங்குவிதிச் சட்டகம் அமையும்வரை திட்டத்தைத் தொடரக்கூடாது என்றது. பேரரசின் தேவைக்காக இடம்பெயர்த்து, பின் குடியுரிமையைச் சந்தேகத்துக்குள்ளாக்கிய இன்னொரு சமூகம் நீதிமன்றத்தில் வைத்த அதே வாதம் மலையகத்துக்கும் பொருந்தும்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. டிஜிட்டல் அடையாளம் தொழிலாளியைத் துரையின் கையொப்பத்திலிருந்து விடுவிக்கும், அவரது தரவு அவரது கைப்பேசியிலேயே இருக்கும், சேமலாப நிதிக் கணக்கை அவரே பார்த்துக்கொள்வார், இடைத்தரகர் ஒழிவர் என்பது அது. இவை நடக்கக்கூடியவைதான். நடந்தால் துண்டு ஒழிந்ததற்கு அடுத்த பெரிய மாற்றம் அதுவாக இருக்கும். ஆனால் புதிய பதிவேடு பழைய பதிவேட்டை மூலமாகக் கொண்டே நிரப்பப்படுகிறது. மூலத்தில் அத்தியட்சகரின் சான்றும் சிதைந்த பெயரும் அரை முகவரியும் இருந்தால், அவை கருவிழியோடு பிணைந்து இன்னும் உறுதியாகும். முன்பு திருத்தக்கூடியதாக இருந்த பிழை, இப்போது எல்லாத் திணைக்களங்களிலும் ஒரே நேரத்தில் உண்மையாகிவிடும்.

சட்டம் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைத் திருத்தக் கோரும் உரிமையையும், முற்றிலும் தன்னியக்கமாக எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையையும் தருகிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்து ஒத்திவைக்கப்பட்டன. அடையாளக் கட்டமைப்பு முன்னே ஓட, காப்புச் சட்டம் பின்தங்குவது ஏற்கத்தக்கதல்ல.

ஆகவே கோரிக்கை நேரானது. டிஜிட்டல் பதிவு றக்வானைக்கோ பெல்மதுளைக்கோ பலாங்கொடைக்கோ வரும் முன், தோட்டவாசிகளின் அடையாள விண்ணப்பத்தில் அத்தியட்சகரின் அத்தாட்சியை நீக்கி அந்தக் கடமையைக் கிராம உத்தியோகத்தரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு லயன் காம்பராவுக்கும் இலக்கமிட்டு முகவரி வழங்கும் வேலையைப் பிரதேச சபை ஏற்க வேண்டும். பெயர் வேறுபாட்டைத் திருத்தக் கட்டணமின்றி, தோட்டத்துக்கே வரும் தமிழ் பேசும் பதிவாளரோடு நடமாடும் சேவை நடத்த வேண்டும். பதிவு பொருந்தாத காரணத்தால் எந்தக் கொடுப்பனவும் நிறுத்தப்படலாகாது. பொருந்தாமையை விசாரித்து எண்பிப்பது திணைக்களத்தின் கடமை என்று ஒழுங்குவிதியில் எழுத வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் வருகைத் தரவைத் தொழிலாளி பார்க்கவும் மறுக்கவும் உள்ள உரிமையை ஒரு வாசகமாகச் சேர்க்க இதுவே தருணம். கொடுப்பனவு பாயத் தொடங்கி, பேரேடு பூட்டப்பட்ட பின் அதைக் கேட்டுப் பெறுவது மிகக் கடினம்.