சொப்புக்குள் ஒரு வீடு

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குச் செல்வோர் அருவியில் நீராடிவிட்டு, ஈரத்தலையோடு கடைத்தெருவைச் சுற்றி வருவது வழக்கம். பழக்கடைகளுக்கும் நேந்திரங்காய் வற்றல் கடைகளுக்கும் நடுவே, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய் மரச்சொப்புகள் அடுக்கப்பட்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். பேரப்பிள்ளை ஒவ்வொன்றாய் எடுத்து, இது என்ன, அது என்ன என்று கேட்கும். திருகை, உரல், உலக்கை, அம்மி என்று பாட்டி பெயர் சொல்லுவார். ஒரு காலத்தில் வீட்டில் கண்ட உரலைக் குழந்தை சொப்பில் அடையாளம் கண்டுகொண்டது. இன்றோ, உரலையே முதன்முதலாகச் சொப்பில்தான் காண்கிறது. வீட்டைப் பார்த்துச் செய்யப்பட்ட பொம்மை, மறைந்துபோன அந்த வீட்டுக்குச் சாட்சியாகிவிட்டது!

இச்சொப்புகளுக்குப் பேர்பெற்ற ஊர் தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம். மரத்துண்டைக் கடைசல் பட்டறையில் பூட்டிச் சுழலவிட்டு, உளியால் உருவம் கொடுப்பர். அது சுழன்றுகொண்டிருக்கும்போதே வண்ண அரக்கை அழுத்திப் பிடிப்பர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தோடு ஒன்றிவிடும். முன்னாளில் மஞ்சள் கடம்பு மரமே இதற்கு உகந்ததாக இருந்தது. காடுகளைக் காக்கும் விதிகள் கடுமையான பின்பு கைவினைஞர் வேறு மரங்களை நாடினர். அதன்பின் பிளாஸ்டிக் பொம்மைகள் வந்து சந்தையை நிறைத்தன. பட்டறைகள் குறையக் குறைய, ஒரு தொழில் மட்டுமன்று, ஒரு நினைவும் நம்மைவிட்டு நழுவுகிறது.

தமிழர் தம் குழந்தைகளின் விளையாட்டைச் சிறிதென்று எண்ணி ஒதுக்கியவர் அல்லர். தச்சர் செய்து கொடுத்த சிறுதேரைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. பூம்புகார்ச் சிறுவர் உருட்டிய முக்காற் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சிற்றில், சிறுபறை, சிறுதேர், அம்மானை, ஊசல் என்று விளையாட்டுகளைக்கொண்டே பருவங்களுக்குப் பெயரிட்டது பிள்ளைத்தமிழ். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் காட்சியை அறியாதார் யார்? மகளிர் காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பாடிய அம்மானை ஆட்டம் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. வீரமாமுனிவர் கித்தேரியம்மாளின் வரலாற்றைப் பாடுவதற்குத் தேர்ந்துகொண்ட வடிவமும் அந்த அம்மானையே. கீழடி மண்ணிலிருந்து வெளிவந்த சுடுமண் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இன்று இடம்பெற்றுள்ளன.

ஆனால், சில்லைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடலாம். ஆட்டத்தை எந்தப் பேழைக்குள் வைப்பது? கட்டம் எப்படிக் கீறுவது, எந்தக் கோட்டை மிதித்தால் ஆட்டம் போகும், தோற்றவருக்கு என்ன தண்டனை என்பதெல்லாம் பிள்ளைகளின் வாயிலும் காலிலும் அன்றோ வாழ்கின்றன! இதனை உணர்ந்தவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். இன்றைய தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் 1902ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1954இல் வெளிவந்த ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூலில், ஆடவர் ஆட்டம், பெண்டிர் ஆட்டம், இருபாலார் ஆட்டம் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் வகுத்து, ஆடும் முறைகளை எழுதிவைத்தார். கட்டடம் இல்லாத ஓர் அருங்காட்சியகம் என்றே அந்நூலைச் சொல்லலாம்.

மேனாட்டார் இத்துறையில் இரு வழிகளில் முயன்றனர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1955இல் குழந்தைப் பருவத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தோன்றியது. அயர்லாந்தோ அதற்கு முன்பே வேறொரு வழியைக் கண்டது. 1935இல் அமைக்கப்பட்ட அந்நாட்டின் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவரிடம் பணியை ஒப்படைத்தது. ஏறக்குறைய 50,000 சிறுவர் சிறுமியர் தம் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு எழுதினர். கதைகள், திருவிழா வழக்கங்கள், கைமருந்துகள் ஆகியவற்றோடு, வீட்டில் செய்த பொம்மைகளும் விளையாட்டுகளும் அவ்வேடுகளில் ஏறின. சேர்ந்த பக்கங்கள் சுமார் 7,40,000! அறிஞர் ஊர் ஊராய்த் திரிந்து செய்யவேண்டிய வேலையை அந்நாட்டுப் பிள்ளைகள் செய்து முடித்தனர்.

நம் பகுதியிலும் வித்துகள் உண்டு. தொல்லியல் துறை குற்றாலத்தில் நாட்டுப்புறக் கலைப்பொருட்களுக்கு ஓர் அகழ்வைப்பகம் அமைத்தது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் மக்களின் வழக்காறுகளைத் தொகுத்து வந்துள்ளது. எனினும் குழந்தைப் பருவத்துக்கென ஒரு தனி அறையை நாம் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்படி ஓர் அறை அமையுமானால் அதில் எவை இருக்கவேண்டும்? சொப்பும் பம்பரமும் பல்லாங்குழியும் நுங்கு வண்டியும் இருக்கட்டும். குருத்து ஞாயிறன்று கோவிலில் வாங்கிய ஓலையில் நாம் பின்னிய சிறு சிலுவையும், கிறிஸ்து பிறப்புக் குடிலுக்காகக் களிமண்ணில் பிசைந்த ஆடும் இருக்கட்டும். அவற்றின் அருகே ஒரு பீடித்தட்டும் இருக்கவேண்டும். தென்காசி, நெல்லைப் பகுதிகளில் எத்தனையோ வீடுகளில், சில்லு எறியவேண்டிய சிறு விரல்கள் இலை சுருட்டின. 14 வயதுக்குட்பட்டோரைப் பீடித் தொழிலில் அமர்த்தலாகாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆயினும் குடும்பத்தாரோடு வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு அச்சட்டம் விலக்களித்திருந்தது. ஆகவே வீட்டுத் திண்ணையில் தட்டு மடியைவிட்டு எளிதில் இறங்கவில்லை. விளையாடியவரின் நினைவை மட்டும் காத்து, விளையாட வாய்ப்பற்றவரை மறந்தால், நாம் காப்பது உண்மையையன்று. நம் ஏக்கத்தை மட்டுமே.

பெரும் பொருட்செலவுக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க ஏடு போதும். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் தம் பாட்டன் பாட்டியரிடம் சென்று, “உங்கள் சிறு வயதில் என்ன விளையாடினீர்கள்? எந்த வயதில் விளையாட்டை நிறுத்தினீர்கள்? ஏன்?” என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதட்டும். அவ்வேடுகளைப் பங்கிலே பாதுகாப்போம். இரண்டாம் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் வரும் விடைகள் நம்மை வருத்தலாம். அவற்றையும் கேட்டாகவேண்டும்.

திருகையின் பெயரைச் சொல்லித்தர ஒரு பாட்டி அருகிலிருக்கும்வரை, கடைத்தெருவின் சொப்பும் அருங்காட்சியகமே. அவர் போனபின் எஞ்சுவது வண்ணம் பூசிய மரத்துண்டுதான்.