நாற்கோண வீடும் வட்டச் சாப்பாடும்



புதிதாக ஒரு பிளாட்டுக்குக் குடிபோகும் குடும்பத்தில் முதல் மாதமே ஒரு கேள்வி எழும். சாப்பாட்டு மேசையை வட்டமாக வாங்குவதா, நீளமாக வாங்குவதா? வெளியே சின்ன பல்கனியோ முற்றமோ கிடைத்துவிட்டால், அங்கே போடும் மேசை, கதிரைக்கும் இதே கேள்விதான். இது வெறும் தளபாடக் கடைக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் நாங்கள் பிழைக்க வந்திருக்கும் இந்த வளைகுடா மண்ணில் மனிதர் பல்லாயிரம் வருடங்களாக இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

அபுதாபிக்கு மேற்கே காகா என்றொரு தீவு உண்டு. அங்கே குறைந்தது 8,500 வருடப் பழமையான கல் கட்டடங்கள் கண்டெடுக்கப்பட்டதாக 2022 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இந்த நாட்டில் அறியப்பட்ட மிகப் பழைய கட்டடங்கள் அவை. அவற்றின் அறைகள் வட்டமானவை.

ஏன் வட்டம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மீற்றர் நீளச் சுவர் கட்டக் கல் இருக்கிறது என்று வையுங்கள். சதுரமாகக் கட்டினால் உள்ளே 9 சதுர மீற்றர் கிடைக்கும். வட்டமாகக் கட்டினால் ஏறக்குறைய 11½ சதுர மீற்றர் கிடைக்கும். அதே கல்லுக்குக் கூடுதல் இடம். பிடித்து நிறுத்த மூலையும் இல்லை.

அப்படியானால் மனிதர் ஏன் வட்டத்தை விட்டார்கள்? அமெரிக்க மானிடவியலாளர் கென்ட் பிளானரி 1972-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தக் கேள்வியை ஆராய்ந்தது. வட்டக் குடிசைக்குப் பக்கத்தில் இன்னொரு அறையை ஒட்டிக் கட்டுவது கடினம். நாற்கோண வீட்டுக்கு ஒரு சுவர் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று சுவர் எழுப்பினால் அடுத்த அறை தயார். குடும்பம் பெருக வீடும் பெருகும். வட்டம் உள்ளவரை அணைத்துக்கொள்ளும். புதிதாக வருபவருக்கு அறை கூட்டிக் கொடுக்க நேர்கோடுதான் வேண்டும்.

இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருந்தது அபுதாபிக்கு அருகேயுள்ள உம் அன்-நார் தீவில். டென்மார்க் தொல்லியலாளர்கள் 1959-இல் அங்கே அகழ்வைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய கி.மு. 2600 முதல் 2000 வரை நிலவிய ஒரு பண்பாட்டுக்கு அந்தத் தீவின் பெயரே நிலைத்தது. அந்த மக்கள் குடியிருந்த வீடுகள் நாற்கோண அறைகள் கொண்டவை. இறந்தவர்களை வைத்த கல்லறைகளோ வட்டமானவை. ஒரு வட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாகப் பலரை ஒன்றாகவே வைத்தார்கள். அல் ஐன் நகரின் ஹீலி பூங்காவில் அத்தகைய பெரிய கல்லறை ஒன்றை இன்றும் பார்க்கலாம். அதன் விட்டம் சுமார் 12 மீற்றர். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டிய இடம்.

பிற்காலத்து வீடுகளைப் பார்ப்போம். எண்ணெய் வருமானம் வருமுன் இந்தக் கரையோரத்தில் பலர் வாழ்ந்தது பேரீச்ச ஓலையில் கட்டிய அரீஷ் வீடுகளில். கிடுகு பின்னத் தெரிந்த எங்கள் மூத்தவர்கள் அதைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். நீண்டு நேராக இருக்கும் ஓலை மட்டையை வரிசையாக நிறுத்திக் கட்டினால் கிடைப்பது நேர்ச்சுவர்தான். கல் வீட்டுக்குக் கூரைத் தடி கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து பாய்க்கப்பலில் வந்தது. அது கண்டல் மரம். அந்தத் தடியின் நீளத்துக்கு மேல் அறையை அகலமாக்க முடியாது. ஆகவே அறைகள் ஒடுக்கமாகவும் நீளமாகவும் அமைந்தன. துபாய் அல் பஹீதி பகுதியின் பழைய வீடுகளுக்குள் நுழைந்தால் நடுவில் திறந்த முற்றம், சுற்றிவர நீள அறைகள், மேலே நாற்கோணக் காற்றுக் கோபுரம்.

இது எங்களுக்கு அந்நியமான அமைப்பா? யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் வானம் தெரியும் முற்றம், நாலு பக்கமும் விறாந்தையும் அறையும். அதற்கும் முந்திய வளவுகளில் வீடு, அடுக்களை, தலைவாசல் என்று தனித்தனிக் கொட்டில்கள். அங்கே பனை கொடுத்த நேரான வளையும் சிலாகையும் செய்த வேலையை இங்கே பேரீச்சை செய்தது.

ஆனால் நாற்கோண வீட்டுக்குள்ளும் இந்த மண்ணின் மக்கள் வட்டத்தைக் கைவிடவில்லை. விருந்தினர் கூடும் மஜ்லிஸில் திண்டுகள் சுவரோரமாக மூன்று பக்கமும் ஓடும். நடு இடம் வெறுமையாக இருக்கும். யாரும் யாருக்கும் முதுகு காட்டுவதில்லை. எமிரேட்ஸ், சவூதி அரேபியா, ஓமான், கட்டார் ஆகிய நான்கு நாடுகளின் மஜ்லிஸ் மரபை யுனெஸ்கோ 2015-இல் தன் பட்டியலில் சேர்த்தது. சாப்பாடு வரும்போது பேரீச்ச ஓலையில் பின்னிய சுரூத் என்ற வட்டப் பாயை விரித்து, அதன்மேல் பெரிய தட்டை வைப்பார்கள். வந்தவர் எத்தனை பேரோ, கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் இன்னொருவருக்கும் இடம் உண்டு. வீட்டை நேர்கோட்டில் கட்டினார்கள். சோற்றை வட்டத்தில் உண்டார்கள்.

வட்டத்தை விட்டால் என்ன மாறும் என்பதற்கு எங்கள் கூத்தே சாட்சி. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை வட்டக்களரியில் ஆடினார்கள். சனம் சுற்றிவர இருந்து பார்த்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். நகரத்தார் கூத்தை மதிக்கக் கற்றது அதனால்தான். ஆயினும் பார்ப்பவர்கள் ஒரு பக்கமாக, முன்னே பார்த்தபடி இருக்க வேண்டியதாயிற்று. எங்கள் பிளாட் ஹோல்களில் சோபா எல்லாம் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருப்பதும் அதே ஏற்பாடுதான்.

எங்களில் பலரின் குடும்பங்கள் முற்றத்தை இழந்தவை. சிலர் தமிழ்நாட்டு முகாமில் பத்துக்குப் பத்து அடி அறையில் வளர்ந்தார்கள். சிலர் வன்னியில் தறப்பாள் கொட்டிலிலிருந்து கொட்டிலுக்கு மாறினார்கள். இங்கேயும் வாடகை வீடு. விசா உள்ளவரை இருப்பு. சுவரை இடித்து அறை கூட்ட எங்களால் முடியாது. எங்கள் கையில் இருப்பது அந்தச் சுவருக்குள் எப்படி உட்காருகிறோம் என்பது மட்டும்தான்.

ஆகவே மேசைக் கேள்விக்கு வருவோம். அலுமாரி, கட்டில், படிக்கும் மேசை எல்லாம் நாற்கோணமாகவே இருக்கட்டும். சுவரோடு ஒட்டி நின்று இடத்தை மிச்சப்படுத்தும். ஹோல் ஒடுக்கமென்றால் நீள மேசையைச் சுவரோடு போடுவதே புத்தி. ஆனால் நாலு பக்கமும் நடக்க இடமிருந்தால் வட்ட மேசையை யோசியுங்கள். 4 அடி விட்டமுள்ள மேசையின் விளிம்பு ஏறக்குறைய 12½ அடி. ஆளுக்கு 2 அடி என்றால் ஆறு பேர் இருக்கலாம். மேசைக் கால் நடுவில் ஒன்றாக இருந்தால் முழங்கால் இடிக்காது. 6 அடியைத் தாண்டினால் நடுவில் வைத்த கறிக்குக் கை எட்டாது. அப்போது நீள மேசையே நல்லது.

மேசைக்கே இடமில்லாத வீட்டிலும் வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுகளில் தரையில் ஒரு பாயை விரியுங்கள். சட்டிகளை நடுவில் வையுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சுற்றி உட்காருங்கள். வானம் தெரியும் முற்றத்தை வாடகை வீட்டில் கட்ட முடியாது. ஆனால் அம்மம்மாவின் முகத்தையும் பேரப்பிள்ளையின் முகத்தையும் நேருக்கு நேர் வைக்க முடியும். ஊர்க்கதை அப்படி இருக்கும்போதுதான் வாய்க்கு வரும்.