டயலர் மோசடி

டயலர் என்பது தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு சேர்க்கும் சிறு மென்பொருள். இணையச் சேவையின் வழக்கமான எண்ணை விட்டுவிட்டு, கூடுதல் கட்டண எண்ணையோ தொலைதூர நாட்டின் எண்ணையோ பயனர் அறியாமல் அழைத்து, செலவை அவருடைய தொலைபேசி பில்லில் ஏற்றுவது டயலர் மோசடி. 1990களின் நடுவிலிருந்து சுமார் பத்தாண்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக் கணினிகளை இது அலைக்கழித்தது. கோப்புகளை அழிப்பதோ கடவுச்சொல்லைக் களவாடுவதோ இதற்குத் தேவைப்படவில்லை. மோசடிக்காரருக்கான பணத்தைத் தொலைபேசி நிறுவனமே வசூலித்துத் தந்தது.

பின்னணி

கூடுதல் கட்டண எண்கள் கணினிக்காகத் தோன்றியவை அல்ல. 1980இல் அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர்கள் கார்ட்டர், ரீகன் விவாதத்தில் வென்றவர் யார் என்று ஏபிசி தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில், 900 எனத் தொடங்கும் எண்ணை அழைத்தவர்கள் ஓர் அழைப்புக்கு 50 சென்ட் செலுத்தினர். சோதிடம், அரட்டை, பாலியல் உரையாடல் போன்ற சேவைகளும் இத்தகைய எண்களில் பெருகின. தொலைபேசி நிறுவனம் பில்லில் வசூலித்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை எண்ணின் உரிமையாளருக்குக் கொடுக்கும். கடன் அட்டை இல்லாதவரும் பணம் செலுத்த இது வழிசெய்ததால், நேர்மையான டயலர்களும் புழக்கத்தில் இருந்தன. ஏமாற்று டயலர்கள் அவற்றுக்கிடையே எளிதில் ஒளிந்துகொண்டன.

செயல்முறை

இலவசமாகப் படம் பார்க்கும் கருவி, இணைய வேகத்தைக் கூட்டும் நிரல் போன்ற வேடங்களில் டயலர் கணினிக்குள் நுழையும். வலைப்பக்கத்திலிருந்தே நிரலை நிறுவ விடும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியின் ஆக்டிவ்எக்ஸ் வசதியும் அதற்கு வாசல் திறந்தது. உள்ளே வந்ததும் மோடத்தின் ஒலியை அடக்கி, நடப்பு இணைப்பைத் துண்டித்து, புதிய எண்ணைச் சுழற்றும். சில டயலர்கள் விண்டோஸின் இயல்பு இணைப்பையே மாற்றிவிடும். அதன்பின் ஒவ்வொரு முறை இணையத்துக்குப் போகும்போதும் அந்த எண்ணே அழைக்கப்படும். வலைப்பக்கங்கள் வழக்கம்போலத் திறப்பதால், பில் வரும்வரை ஐயம் எழாது.

மால்டோவா வழக்கு

முதலில் பெரிதாகப் பேசப்பட்டது, 1997 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு. ஆபாசப் படங்களை இலவசமாகக் காட்டுவதாகச் சொன்ன தளங்கள் தந்த மென்பொருள், மோடத்தை ஊமையாக்கி மால்டோவா நாட்டு எண்ணை அழைத்தது. அந்தத் தளத்தை விட்டு வெளியேறினாலும், கணினியை அணைக்கும்வரை அழைப்பு நீடித்தது. அழைப்புகள் உண்மையில் கனடாவைத் தாண்டவில்லை. ஆனால் கட்டணம் மால்டோவாவுக்கானது, நிமிடத்துக்கு 2 டாலருக்கும் மேல். அதே ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, சுமார் 38,000 பேருக்கு ஏறத்தாழ 27 லட்சம் டாலர் திருப்பித் தரப்பட்டது.

ஜெர்மனி

டயலர்கள் மிகுதியாகத் தழைத்த நாடு ஜெர்மனி. அங்கே 0190 எண்களில் ஒரு பிரிவுக்கு நிமிடத்துக்கு 1.86 யூரோ; 0190-0 எனத் தொடங்கியவற்றுக்கு எண்ணை வைத்திருந்தவரே விலையை நிர்ணயிக்க முடிந்தது. 2003 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த சட்டம், டயலர்கள் ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவு பெறுவதைக் கட்டாயமாக்கியது. நிமிடத்துக்கு 2 யூரோ, ஓர் அழைப்புக்கு 30 யூரோ என உச்சவரம்பும் விதித்தது. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து 0900-9 எண்களில் மட்டுமே டயலர்கள் இயங்கலாம் என்றானது. 0190 வரிசை 2005 இறுதியில் முடிவுக்கு வந்தது.

2004 மார்ச் 4இல் ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த தீர்ப்பு திருப்புமுனையானது. தரவு வேகத்தைக் கூட்டும் கோப்பு என்று நம்பி 16 வயது மகன் இறக்கிய டயலர், குடும்பத்தின் பில்லில் சுமார் 9,000 யூரோவை ஏற்றியிருந்தது. அவன் கோப்பை நீக்கிய பிறகும், அது மாற்றிவைத்த இணைப்பு அப்படியே இருந்தது. மறைந்து செயல்படும் டயலரின் நட்டத்தை, அந்த எண்களால் வருமானம் பெறும் தொலைபேசி நிறுவனமே ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். காரணமின்றி வாடிக்கையாளர் முன்கூட்டியே காவல் இருக்கத் தேவையில்லை என்றும் கூறியது.

அயர்லாந்து

உள்நாட்டு எண்களில் பிடி இறுகியதும், டயலர்கள் தொலைதூரத் தீவுகளின் எண்களை நாடின. அயர்லாந்தின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான காம்ரெக், நவ்ரு, துவாலு, டியாகோ கார்சியா உள்ளிட்ட 13 இடங்களுக்கான நேரடி அழைப்பை 2004 அக்டோபரில் நிறுத்திவைத்தது. உண்மையாகவே அங்கே பேச வேண்டியவர்களின் எண்களுக்கு விலக்கு தரப்பட்டது.

வீட்டுக் கணினியின் காப்பு

எளிய, உறுதியான காப்பு, பயன்படுத்தாத நேரத்தில் மோடத்தின் கம்பியைத் தொலைபேசிச் சுவர்ப்பொருத்தியிலிருந்து கழற்றிவைப்பது. அடுத்தது, கூடுதல் கட்டண அழைப்பையும் வெளிநாட்டு அழைப்பையும் தடைசெய்யத் தொலைபேசி நிறுவனத்திடம் சொல்வது. இத்தடை தொலைபேசி நிலையத்தில் செயல்படுவதால் கணினிக்குள் இருக்கும் நிரலால் அதை விலக்க முடியாது. மோடத்தின் ஒலியைத் திறந்தே வைத்தால், எதிர்பாராத சுழற்றல் காதில் விழும். ஜெர்மனியில், அழைக்கப்படும் எண்ணைக் கண்காணித்து எச்சரிக்கும் நிரல்கள் இலவசமாகக் கிடைத்தன. ஸ்பைபாட், ஆட்-அவேர் போன்ற உளவுநிரல் நீக்கிகள் பல டயலர்களைக் களைந்தன. தீச்சுவர் மட்டும் போதவில்லை: இணைப்பு ஏற்பட்டபின் பாயும் தரவைத்தான் அது கவனிக்கும், மோடம் எந்த எண்ணைச் சுழற்றுகிறது என்பதை அல்ல.

வீழ்ச்சியும் தொடர்ச்சியும்

பிராட்பேண்ட் இணைப்பில் எண்ணைச் சுழற்றும் வேலையே இல்லாததால் டயலர்கள் மறைந்தன. தொலைநகலுக்காகப் பழைய மோடத்தைத் தொலைபேசிக் கம்பியில் விட்டுவைத்த கணினிகளுக்கு மட்டும் ஆபத்து நீடித்தது. அதே சூழ்ச்சி பின்னர் கைப்பேசிக்குத் தாவியது: 2006இல் ரெட்பிரவுசர், 2010இல் ஆண்ட்ராய்டில் ஃபேக்பிளேயர் ஆகிய தீநிரல்கள் ரஷ்யாவில் கூடுதல் கட்டணக் குறுஞ்செய்திகளை அனுப்பின. 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2, அத்தகைய செய்தி போகுமுன் பயனரின் ஒப்புதலைக் கேட்கத் தொடங்கியது. இந்தியாவில் மதிப்புக்கூட்டுச் சேவைகளுக்குப் பணம் பிடிக்குமுன் வாடிக்கையாளரிடம் இருமுறை ஒப்புதல் பெற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் உத்தரவிட்டது. பில்லில் தொகை ஏறும் இடத்திலேயே வழியை அடைப்பது, டயலர் காலம் கற்றுத் தந்த காப்பு முறையாகும்.