திரட்டு நூல்

திரட்டு நூல் என்பது பல நூல்களில் உள்ள செய்யுட்களையோ செய்திகளையோ தெரிந்தெடுத்து, ஓர் ஒழுங்கில் அடுக்கித் தரும் நூலாகும். ஒரு பெரிய நூலின் பொருளைக் குறைந்த அளவில் தரும் நூல் சுருக்கம் அல்லது சங்கிரகம் எனப்படும். இவை வெவ்வேறு வகைகளே. எனினும் முழு நூலைத் தேடிப் படிக்க வாய்ப்பில்லாதவருக்கு அதன் பயனைக் கொடுப்பதே இரண்டின் நோக்கமும் ஆதலால் பெரும்பாலும் சேர்த்தே பேசப்படுகின்றன.

தமிழில் இவற்றுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மூல நூல் முழுவதும் மறைந்துபோக, திரட்டில் இடம்பெற்ற சில பாடல்கள் மட்டும் எஞ்சிய நிலை பல நூல்களுக்கு நேர்ந்துள்ளது. அவ்வாறு எஞ்சியவற்றை அச்சேற்றியதிலும், புதிய தொகுப்புகளை உருவாக்கியதிலும் இராமநாதபுரம் சேதுபதிகளின் மரபினருக்கும் அவர்களது அவைப் புலவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

இலக்கண மரபில்

நூலைச் சுருக்குவது தமிழ் இலக்கணத்தில் ஏற்கப்பட்ட ஒரு முறையாகும். வழிநூல் செய்யும் முறைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகத் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. இவற்றுள் முதலாவதான தொகுத்தலே சுருக்க நூல்களுக்கு இலக்கணம். பவணந்தி முனிவரின் நன்னூலும் இந்நான்கையும் ஏற்றுக்கொள்கிறது. நூலுக்குரிய பத்து அழகுகளுள் முதலாவதாக நன்னூல் வைப்பது சுருங்கச் சொல்லல். பத்துக் குற்றங்களுள் முதலாவதாக வைப்பது குன்றக் கூறல். சுருக்க நூல் ஒன்றை மதிப்பிட இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே போதுமானது எனலாம்.

நன்னூலே ஒரு வகையில் இதற்கு எடுத்துக்காட்டு. தொல்காப்பியத்தின் எழுத்து, சொல் ஆகிய இரு அதிகாரங்களில் 900க்கும் மேற்பட்ட நூற்பாக்கள் உள்ளன. நன்னூல் பாயிரத்தையும் சேர்த்து 462 நூற்பாக்களில் முடிகிறது. பின்வந்த மாணவர்கள் பெரும்பாலும் நன்னூலையே பயின்றனர். குணவீர பண்டிதரின் நேமிநாதம் இன்னும் சிறியது. அதற்குச் சின்னூல் என்றே ஒரு பெயர் உண்டு. யாப்பில், அமிதசாகரர் யாப்பருங்கலம் இயற்றிய பின் அதே பொருளைச் சுருக்கி யாப்பருங்கலக் காரிகையை இயற்றினார். படிப்போர் கையில் நின்றது காரிகையே. ஆனால் யாப்பருங்கலத்தின் விரிவான பழைய உரையான விருத்தி, மறைந்துபோன பல நூல்களின் பெயர்களையும் பாடல்களையும் தன்னுள் வைத்திருக்கிறது. காரிகை மட்டும் எஞ்சியிருந்தால் அச்செய்திகள் நமக்குக் கிடைத்திருக்கமாட்டா.

தருக்கத்தில் அன்னம்பட்டர் வடமொழியில் எழுதிய தருக்க சங்கிரகம் தொடக்க மாணவருக்கான கைநூல் ஆகும். இதைச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழாக்கினார்.

புறத்திரட்டு

தமிழ்த் திரட்டு நூல்களுள் முதன்மையானது புறத்திரட்டு. தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. காலம் ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு எனக் கருதப்படுகிறது. 1,500க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட இந்நூலில், பாடல்கள் திருக்குறளை ஒட்டிய அதிகார முறையில் வைக்கப்பட்டுள்ளன. 1930களின் இறுதியில் எஸ். வையாபுரிப்பிள்ளை இதனைச் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பதிப்பித்தார்.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியில் இன்று கிடைப்பவை 72 பாடல்கள். அவற்றுள் 66 புறத்திரட்டால் கிடைத்தவை. குண்டலகேசியின் 19 பாடல்களும், தகடூர் யாத்திரையின் 44 பாடல்களும் இவ்வாறே பிழைத்தன. மூவேந்தரையும் பாடும் முத்தொள்ளாயிரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் இதனால் கிடைத்துள்ளன. புறத்திரட்டு ஏடுகள் அழிந்திருந்தால் முத்தொள்ளாயிரம் நமக்கு ஏறத்தாழ வெறும் பெயராகவே எஞ்சியிருக்கும்.

இப்பாடல்கள் இன்ன நூலைச் சேர்ந்தவை என இன்று கூற முடிவதற்குக் காரணம், தொகுத்தவர் மூல நூலின் பெயரைக் குறித்து வைத்ததேயாகும். பழைய உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டிய பாடல்கள் பலவற்றுக்கு இத்தகைய குறிப்பு இல்லை. அப்பாடல்கள் இன்றும் உள்ளன. எந்நூலைச் சேர்ந்தவை என்பது மட்டும் தெரியவில்லை. தொகுத்தவரின் இந்தச் சிறு கவனம் தமிழ் இலக்கிய வரலாற்றுக்குக் கிடைத்த பெரும் பேறாகும்.

எனினும் திரட்டின் குறையும் இங்கேயே தெரிகிறது. தொகுத்தவர் அறம், பொருள் பற்றிய பாடல்களையே பெரிதும் நாடினார். கதை நிகழ்ச்சிகளைக் கூறும் பாடல்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. அதனால் வளையாபதியின் கதை எஞ்சிய பாடல்களைக் கொண்டு அறிய இயலாததாயிற்று. ஒரு காப்பியம் இன்று நீதி நூலைப் போலத் தோற்றமளிக்கிறது. வளையாபதியைப் பற்றிக் கருத்துரைப்போர், தாம் படிப்பது அந்நூலை அன்று, அதிலிருந்து ஒருவர் தமக்கு வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்ததை என்பதை மறக்கலாகாது.

இங்கிலாந்தில்

புறத்திரட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் இங்கிலாந்திலும் இவ்வகை நூல்கள் பெருகின. அங்கு இதற்குக் காரணம் அச்சுக்கலையாகும். நூல்கள் மிகுந்தன, இலத்தீன் அறியாத வணிகரும் கைவினைஞரும் படிக்கத் தொடங்கினர். பள்ளிகளில் மாணவர்கள் தாம் படித்தவற்றுள் சிறந்த தொடர்களைத் தலைப்பு வாரியாக ஏட்டில் எழுதிவைக்கப் பழக்கப்பட்டனர். இத்தகைய ஏடுகளே பின்னர் அச்சு நூல்களாயின. பிரான்சிசு மியர்சு 1598இல் வெளியிட்ட பல்லாடிசு தாமியா இவ்வகையினது. அதில் உள்ள ஷேக்சுபியர் நாடகங்களின் பட்டியலில் 'லவ்ஸ் லேபர்ஸ் வொன்' என்ற நாடகமும் உள்ளது. அந்நாடகம் இன்று கிடைக்கவில்லை. 1600இல் ராபர்ட் ஆலட் தொகுத்த இங்கிலாந்து பர்னாசசு, பாடல்களின் கீழ் ஆசிரியர் பெயரைத் தந்தாலும் அவற்றுள் பல தவறானவை. பெயர் குறிப்பது மட்டும் போதாது, சரியாகக் குறிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

எதிர்ப்பும் இருந்தது. பிரான்சிசு பேக்கன் 1605இல் வெளிவந்த தமது நூலில், வரலாற்று நூல்களின் சுருக்கங்களை நல்ல நூல்களை அரிக்கும் பூச்சிகளுக்கு ஒப்பாகக் கருதினார். ஆயினும் சுருக்கங்கள் குறையவில்லை. ஜான் லாக்கின் மனித அறிவு பற்றிய நூல் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே, 1696இல், ஜான் வின் அதனை மாணவருக்காகச் சுருக்கி வெளியிட்டார். 1740இல் கைல்சு எதிர் வில்காக்சு வழக்கில், உண்மையான சுருக்கம் உழைப்பும் தேர்ச்சியும் கொண்ட புதிய நூலே எனவும், பதிப்புரிமையைத் தப்புவதற்காக மட்டும் சில பகுதிகளைக் குறைத்து வெளியிடுவது அவ்வாறு ஆகாது எனவும் நீதிபதி ஆர்ட்விக் கொள்கை வகுத்தார்.

சேது நாட்டின் பங்கு

தமிழகத்தில் அச்சுக்கலை பரவிய 19ஆம் நூற்றாண்டில் இப்பணிக்குப் பொருள் தேவைப்பட்டது. இராமநாதபுரம் அரசர்கள், தனுஷ்கோடி வரை நீண்ட சேதுக் கரையின் காவலர் என்ற பொருளில் சேதுபதி என வழங்கப்பட்டனர். சேது மான்மியத்தைத் தழுவி நிரம்பவழகிய தேசிகர் இயற்றிய சேதுபுராணம் இந்நிலத்துக்குரிய வழிநூலாகும். சமத்தானத்தை நிருவகித்த பொன்னுச்சாமித் தேவர், ஆறுமுக நாவலர் திருக்குறள் பரிமேலழகர் உரை, திருக்கோவையார் உரை முதலியவற்றை அச்சிடத் துணைநின்றார். நாவலர் தாமும் மாணவருக்காக இலக்கணச் சுருக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார். அது தலைமுறைகள் பலவற்றுக்குப் பாடநூலாக விளங்கியது.

பொன்னுச்சாமித் தேவரின் மகன் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் (1867–1911). இவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். பல நூல்களில் இருந்து தாமே செய்யுட்களைத் தெரிந்து பன்னூற்றிரட்டு என்ற தொகுப்பையும் வெளியிட்டார். சங்கத்தின் செந்தமிழ் இதழுக்கு முதல் ஆசிரியராக இருந்தவர் சேதுபதிகளின் அவைப் புலவர் ரா. இராகவையங்கார் (1870–1946). புறத்திரட்டில் சிதறிக்கிடந்த முத்தொள்ளாயிரப் பாடல்களைப் பிரித்தெடுத்து 1905இல் தனி நூலாக முதலில் வெளிப்படுத்தியவர் இவரே. திரட்டில் இருந்து மூலத்தை மீட்கும் வேலை இது. புறத்திரட்டு முழுமையாக அச்சேறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

அபிதான சிந்தாமணி

செய்யுள் திரட்டில் இருந்து செய்தித் திரட்டுக்கு மாறிய காலமும் இதுவே. யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதானகோசத்தை வெளியிட்டார். சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் (1855–1931) அபிதான சிந்தாமணியைத் தனியொருவராகத் தொகுத்தார். புராணப் பெயர்கள், அரசர், புலவர், நூல்கள், ஊர்கள், சமயக் கருத்துகள் எனப் பலவும் இதில் அகரவரிசையில் உள்ளன. எழுதி முடித்தும் அச்சிட உதவுவோர் கிடைக்காமல் அவர் துன்புற்றார். இறுதியில் பாண்டித்துரைத் தேவர் பொறுப்பேற்க, 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே தேவர் மறைந்தார். இன்னும் சிறிது காலம் தாழ்த்தியிருந்தால் கையெழுத்துப் படி என்னவாகியிருக்கும் என்பது ஊகத்துக்குரியது.

புராணக் கதையும் வரலாறும் இதில் ஒன்றாகவே கலந்து நிற்கின்றன. அதனால் அரசர் காலங்களுக்கு இதனைச் சான்றாகக் கொள்வது தகாது. ஆனால் பல பதிவுகளின் இறுதியில், செய்தி எந்த நூலில் இருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு உள்ளது. அதனைக் கொண்டு மூலத்தைச் சரிபார்க்கலாம். முதலியாரின் மறைவுக்குப் பின், அவர் விரித்து எழுதி வைத்திருந்தவற்றையும் சேர்த்து, 1,600க்கும் மேற்பட்ட பக்கங்களுடன் இரண்டாம் பதிப்பை அவருடைய மகன் 1934இல் வெளியிட்டார். பின்னர் வந்த மறுபதிப்புகள் இப்பதிப்பைப் பின்பற்றியவை.